கொழும்பு வணிகக் கட்டடங்களில் குளிரூட்டலுக்கும் காற்றோட்டத்துக்கும் ஆகும் மின்செலவைக் குறைப்பது எப்படி

கொழும்பில் இயங்கும் ஓர் அலுவலகக் கட்டடத்தின் மின்பட்டியலில் மிகப் பெரிய பங்கு பெரும்பாலும் குளிரூட்டலுக்கே போகிறது. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் பெருமளவு உயர்ந்தபோது, பல உரிமையாளர்கள் முதலில் விசாரித்தது புதிய இயந்திரத்தின் விலையைத்தான். புதிய இயந்திரம் வாங்குவது இந்த வேலையின் கடைசிப் படியாக இருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அதற்கு முன் செய்ய வேண்டியவை பல உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை, நமது காற்றிலுள்ள ஈரத்தை எப்படிக் கையாளுகிறோம் என்பதைப் பொறுத்தவை.

குளிர்நாடுகளுக்காக எழுதப்பட்ட வழிகாட்டிகள் கட்டடத்தைச் சூடாக்கும் செலவில் தொடங்கும். வெளிக்காற்று குளிர்ந்திருக்கும் வேளையில் அதையே உள்ளே விட்டுக் குளிரூட்டியை நிறுத்திவிடலாம் என்றும் சொல்லும். கொழும்பில் அந்த அறிவுரையைப் பின்பற்றினால் நட்டமே வரும். இங்கே இரவில் வெப்பநிலை 25 பாகைக்கு இறங்கினாலும் காற்றிலுள்ள நீராவி குறைவதில்லை; இரவு முழுவதும் விசிறியை ஓடவிட்டு வெளிக்காற்றை நிரப்பினால், கம்பளமும் கோப்புகளும் கூரைத் தகடுகளும் உறிஞ்சிய ஈரத்தை மறுநாள் காலை குளிரூட்டியே வெளியேற்ற வேண்டியிருக்கும்.

இதை எண்களில் பார்த்தால் விடயம் தெளிவாகும். வெளியே 30 பாகையும் 75 சதவீத ஈரப்பதனும் இருக்கும் ஒரு சாதாரண நாளில், ஒரு கிலோகிராம் காற்றில் ஏறத்தாழ 20 கிராம் நீராவி இருக்கும். உள்ளே 24 பாகையும் 55 சதவீத ஈரப்பதனும் வேண்டுமானால் அது 10 கிராமளவுக்கு இறங்க வேண்டும். நூறு பேர் வேலைசெய்யும் ஒரு மாடிக்கு, ஆளுக்கு நொடிக்கு 10 லீற்றர் வீதம் வெளிக்காற்றை எடுத்தால், அந்தக் காற்றுக்கு மட்டுமே 37 கிலோவாற்றளவு, அதாவது குளிரூட்டியின் திறனை அளக்கும் தொன் கணக்கில் பத்துக்குச் சற்று மேற்பட்ட குளிரூட்டல் தேவைப்படும். அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீராவியை நீராக்குவதற்கே செலவாகும். மணிக்கு 40 லீற்றருக்கு மேற்பட்ட நீர் அந்த ஒரு மாடியின் வடிகுழாய் வழியே வெளியேறும்.

முதலில் அளவிடுங்கள்

கணக்கு இல்லாமல் தொடங்கும் சேமிப்பு வேலை பாதியில் நின்றுவிடும். கடந்த பன்னிரண்டு மாத மின்பட்டியல்களை எடுத்து, மொத்த அலகுகளைக் குளிரூட்டப்படும் தரைப்பரப்பால் வகுத்துச் சதுர மீற்றருக்கு எத்தனை அலகு என்று குறித்துக்கொள்ளுங்கள். இனிச் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் அந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். மொத்தக் கொள்வனவுப் பிரிவிலுள்ள கட்டடங்களுக்குப் பகல், உச்சநேரம், உச்சம் குறைந்த நேரம் என மூன்று வேளைகளுக்கு வெவ்வேறு கட்டணம் உண்டு. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்சநேர அலகுதான் மிகவும் விலை கூடியது. இதற்கு மேல், மாதத்தில் கட்டடம் ஒரே வேளையில் இழுத்த மிகக் கூடிய மின்வலுவுக்கு (கே.வீ.ஏ. அளவில் கணக்கிடப்படும் உச்சக் கேள்வி) தனிக் கட்டணமும் சேரும். காலை எட்டு மணிக்கு எல்லா இயந்திரங்களையும் ஒரே நேரத்தில் இயக்கும் பழக்கம் இந்தக் கட்டணத்தைக் கூட்டக்கூடும். ஒன்றன்பின் ஒன்றாகச் சில நிமிட இடைவெளி விட்டு இயக்குவதற்குச் செலவு ஏதுமில்லை.

பிறகு, கட்டடம் வெறுமையாக இருக்கும் இரவு 11 மணிக்கும் அதிகாலை 5 மணிக்கும் மின்மானியைப் பார்த்து வரும்படி பாதுகாப்பு உத்தியோகத்தரிடம் ஒரு வாரத்துக்குச் சொல்லுங்கள். யாரும் இல்லாத வேளையில் ஓடும் அலகுகள் எத்தனை என்பது தெரிந்ததும் எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும். கழிவறை வெளியேற்று விசிறிகள், பூட்டிய கூட்ட அறையின் குளிரூட்டி, நிறுத்த மறந்த நீர்ப்பம்பி ஆகியவையே பெரும்பாலும் அகப்படும். வெப்பநிலையையும் ஈரப்பதனையும் சேர்த்துப் பதியும் சிறு கருவிகள் சிலவற்றை வெவ்வேறு மாடிகளில் வைப்பதும் அவசியம். வெப்பநிலையை மட்டும் பார்த்துக் கட்டடத்தை நடத்துபவருக்கு நோயின் பாதியே தெரியும்.

வேளையும் வெப்பநிலையும்

இப்பகுதியைச் சுருக்கமாகவே சொல்லலாம். அலுவலகத்துக்கு 24 முதல் 26 பாகை வரை போதுமானது. 20 பாகையில் வைத்துவிட்டுப் பணியாளர்கள் ஸ்வெட்டர் அணிந்து வேலைசெய்யும் கட்டடங்களில், தலைக்கு மேலுள்ள காற்றுத்துவாரத்தை யாரோ அட்டையால் மூடி ஒட்டியிருப்பதைக் காணலாம். அந்த அட்டைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். காற்றுப் பங்கீடு எங்கே பிழைத்திருக்கிறது என்பதற்கு அவற்றைவிட நல்ல வரைபடம் கிடையாது. மின்விசிறியும் சேர்ந்து ஓடினால் 26 பாகையும் இதமாகவே இருக்கும். ஒரு கூரை விசிறிக்கு 75 வாற்றளவும், புதிய வகை மோட்டர் கொண்டதற்கு அதில் பாதியளவும்தான் தேவை. வேலை முடிவதற்கு அரைமணி நேரம் முன்பே, நீரைக் குளிர்வித்துக் கட்டடமெங்கும் அனுப்பும் இயந்திரத்தை (சில்லர்) நிறுத்தினாலும், குழாய்களிலுள்ள குளிர்நீர் கட்டடத்தை அதுவரை தாங்கிவிடும். மாலை 6.30க்குப் பின்னும் திறந்திருக்கும் கட்டடமானால், உச்சநேரத்தில் எந்த மாடிகள் உண்மையில் இயங்க வேண்டும் என்பதை முகாமையாளர் எழுத்தில் தீர்மானித்து வைக்க வேண்டும்.

வெளிக்காற்றைக் கட்டுப்படுத்துங்கள்

மிகப் பெரிய சேமிப்பு பெரும்பாலும் இங்கேதான் மறைந்திருக்கிறது. வெளிக்காற்று கட்டடத்துக்குள் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று நாம் விசிறி வைத்து எடுப்பது. மற்றது கதவிடுக்குகளாலும் கூரை இடைவெளிகளாலும் தானாக நுழைவது. முதலாவது பணியாளரின் உடல்நலத்துக்குத் தேவையானது. அதை நிறுத்தி மின்சாரத்தை மிச்சப்படுத்துவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். ஆனால் தேவையான அளவு எவ்வளவு என்பதை அறிந்து எடுப்பது நம் கடமை. அலுவலகங்களுக்கு ஆளுக்கு நொடிக்கு 8 முதல் 10 லீற்றர் வரை என்பது வழமையான அளவு. எல்லோரும் இருக்கையில் இருக்கும் முற்பகல் வேளையில் காபனீரொட்சைட்டு அளவைப் பார்த்தால் நிலைமை விளங்கும். வெளியே 420 பி.பி.எம். (பத்து இலட்சம் பங்கில் 420 பங்கு) அளவில் இருக்கும் அது உள்ளே 1000க்குச் சற்றுக் கீழே நின்றால் காற்று சரியாக வருகிறது. நிறைந்த மாடியில் 600க்கும் கீழே காட்டினால் தேவைக்கு மிஞ்சிய ஈரக்காற்றை விலைகொடுத்து உலர்த்திக்கொண்டிருக்கிறீர்கள். 1200, 1400 என்று ஏறினால் மின்பட்டியல் எப்படியிருந்தாலும் காற்றைக் கூட்டியே ஆக வேண்டும். காபனீரொட்சைட்டு உணரியைப் பொருத்தி வெளிக்காற்று விசிறியின் வேகத்தை அதனோடு இணைத்துவிட்டால், ஆட்கள் வரவும் போகவும் காற்றின் அளவும் தானே மாறும். மாநாட்டு மண்டபம், கல்வி நிலையம், திருமண மண்டபம் போன்று சில மணி நேரம் நிரம்பிப் பின் வெறுமையாகும் இடங்களுக்கு இதைவிடப் பொருத்தமான முதலீடு வேறில்லை.

இரண்டாவது வழியாக நுழையும் காற்றைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். விசிறிகள் யாவும் ஓடிக்கொண்டிருக்கும்போது ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, மூடிய பிரதான கதவின் இடுக்கருகே பிடித்துப் பாருங்கள். புகை வெளிப்பக்கம் சாய்ந்தால் கட்டடம் சிறிது அழுத்தத்துடன் இருக்கிறது. அதுவே நமக்கு வேண்டியது. புகை உள்ளே இழுபட்டால், கழிவறை விசிறிகளும் சமையலறை விசிறிகளும் சேர்ந்து, நாம் கொடுப்பதைவிடக் கூடிய காற்றை வெளியேற்றுகின்றன. அந்தக் குறையைத் தெருவின் ஈரக்காற்று நிரப்புகிறது. உணவகம் இயங்கும் கட்டடங்களில் அடுப்பு மேலுள்ள விசிறி வெளியேற்றுவதற்கு ஈடான காற்றைச் சமையலறைக்கே நேரடியாகக் கொடுத்துவிட்டால் சாப்பாட்டு அறையின் குளிர் அதனோடு போகாது. கூரைத் தகட்டுக்கு மேலே வெளிச்சுவரில் அடைக்கப்படாமல் விடப்பட்ட மின்வடக் குழாய்த் துளைகள், மின்தூக்கிக் கூண்டின் மேல்வாய், கீழ்மாடி வாகனத் தரிப்பிடத்திலிருந்து படிக்கட்டு வழியே ஏறும் காற்று ஆகியவற்றையும் ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். கூரைத் தகடுகளில் மஞ்சள் கறை தெரிந்தால் அதைக் குழாய் ஒழுக்கு என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். குளிர்ந்த காற்றுக்குழாயின் மேல் ஈரக்காற்று பட்டு வியர்த்து ஒழுகியதாகவும் இருக்கலாம்.

காலி வீதியிலும் செட்டியார் தெருவிலும் கதவைத் திறந்து வைத்தபடியே குளிரூட்டும் கடைகள் உண்டு. வாடிக்கையாளர் தயங்காமல் வர வேண்டும் என்ற நோக்கம் நியாயமானது. தானாக மூடும் கண்ணாடிக் கதவும், அது முடியாத இடத்தில் சரியான வேகத்தில் ஓடும் காற்றுத் திரையும் அந்த நோக்கத்தைக் கெடுப்பதில்லை.

பெரிய கட்டடங்களில், வெளியேறும் குளிர்ந்த உலர்காற்றையும் உள்ளே வரும் வெளிக்காற்றையும் ஒரு வலுமீட்புச் சக்கரத்தின் வழியே எதிரெதிராக அனுப்பினால் வெப்பத்தோடு ஈரமும் கைமாறும். 60 சதவீத வினைத்திறன் கொண்ட சக்கரம்கூட மேலே சொன்ன 37 கிலோவாற்றில் 22ஐ மீட்டுத்தரும். வெப்பத்தை மட்டும் மாற்றும் உலோகத் தட்டு வகையை இங்கு வாங்குவதில் பயன் குறைவு. கழிவறைக் காற்றைச் சக்கரத்துக்குள் விடக்கூடாது.

சூடாக்கல் என்ற மறைவான செலவு

கொழும்பில் கட்டடத்தைச் சூடாக்குவதில்லை என்று நாம் நினைத்தாலும், பல கட்டடங்களில் காற்று சூடாக்கப்படுகிறது. வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கூடம், ஆய்வுகூடம், ஆவணக் காப்பறை போன்ற இடங்களில் ஈரத்தை அகற்றுவதற்காகக் காற்றை 12, 13 பாகைக்குக் குளிர்வித்து, பின்னர் அறைக்கு ஏற்றபடி மின்சூடாக்கியால் மறுபடி சூடாக்குவார்கள். குளிர்விக்க ஒரு செலவு, சூடாக்க இன்னொரு செலவு. குளிர்ச்சுருளின் இரு புறமும் வெப்பக்குழாய்ச் சுருளைச் சுற்றிப் பொருத்தினால், குளிர்ச்சுருளுக்கு வரும் காற்றின் வெப்பமே அதைவிட்டு வெளியேறும் காற்றைச் சூடாக்கும். அதே வேளையில் குளிர்ச்சுருளின் சுமையும் குறையும். விசிறி தாண்ட வேண்டிய தடை சற்றுக் கூடும் என்றாலும், நாள் முழுவதும் இயங்கும் இடங்களில் அது பொருட்டல்ல.

கணினிச் சேவையக அறைகளில் இன்னும் வருத்தமான நிலைமை உண்டு. அருகருகே நிற்கும் இரு இயந்திரங்களின் உணரிகள் சற்று மாறுபட்டுக் காட்டுவதால், ஒன்று காற்றை உலர்த்தும்போது மற்றது நீராவி விட்டு ஈரமாக்கும். இரண்டும் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். கொழும்பின் காலநிலையில் ஈரமூட்டி அரிதாகவே தேவைப்படும். உணரிகளைச் சரிபார்த்து, ஈரப்பதன் எல்லையை விரிவாக்கி, உபகரண வழங்குநரின் நிபந்தனைகளைப் பார்த்தபின் ஈரமூட்டிகளை நிறுத்திவிடலாம்.

ஹோட்டல்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் சுடுநீர் தேவை. குளிர்விக்கும் இயந்திரம் கூரையில் வீசி எறியும் வெப்பத்தின் ஒரு பகுதியை அதற்கே பயன்படுத்தலாம். குளிர்வாயுவை அழுத்தும் அமுக்கியிலிருந்து வெளிவரும் சூடான வாயுவின் பாதையில் ஒரு வெப்பமாற்றி வைத்தால் நீர் முன்கூட்டியே சூடாகும். மீதிக்கு, சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை நீருக்கு ஏற்றும் வெப்பப் பம்பி போதும். நமது வெப்பக் காற்றில் அது ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்று அலகளவு வெப்பம் தரும். டீசல் கொதிகலனை அவசரத் தேவைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். லெஜியோனெல்லாக் கிருமி வளராதிருக்கச் சேமிப்புத் தாங்கியை 60 பாகையில் வைத்திருக்க வேண்டும் என்பதை எந்தச் சிக்கனத்துக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

விசிறிகளும் பம்பிகளும்

விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அதற்குத் தேவையான மின்வலு ஏறத்தாழப் பாதியாகிவிடும், ஏனெனில் வலு வேகத்தின் மும்மடி விகிதத்தில் மாறுகிறது. 50 ஹேர்ட்ஸில் முழு வேகத்தில் ஓடும் ஏ.எச்.யூ. (மாடிகளுக்குக் குளிர்காற்றை அனுப்பும் இயந்திரம்) விசிறிக்கு வேகமாற்றியைப் பொருத்தி 40 ஹேர்ட்ஸில் ஓட்டிப் பார்ப்பதே மிக விரைவாகப் பலன் தரும் மாற்றங்களுள் ஒன்று. காற்றைக் குறைத்தால் சுருளின்மேல் அது மெதுவாகச் சென்று ஈரமும் நன்றாக வடியும் என்பது நமக்கு இரட்டை நன்மை. தடுப்புத் தகட்டைப் பாதி மூடி விசிறியை முழு வேகத்தில் ஓட்டும் இடங்களை முதலில் தேடுங்கள். அங்கே மின்சாரம் வீணாவது கண்ணாலேயே தெரியும். வடிகட்டியின் இரு புறத்துக்கும் அழுத்தமானி வைத்து, அழுத்த வேறுபாடு கூடியதை அது காட்டும்போது வடிகட்டியைக் கழுவவோ மாற்றவோ வேண்டும். வாகனத் தரிப்பிட விசிறிகளைக் காபனோரொட்சைட்டு உணரியுடன் இணைத்தால் பெரும்பாலான நேரம் அவை மெதுவாக ஓடினால் போதும். தீயணைப்புப் புகையகற்றலுக்குரிய முழு வேக இயக்கம் மட்டும் எந்நேரமும் தயாராக இருக்க வேண்டும்.

குளிர்நீர்ப் பம்பிகளில் பார்க்க வேண்டியது நீர் போகும்போதும் திரும்பும்போதும் உள்ள வெப்பநிலை வேறுபாடு. 5 முதல் 6 பாகை இருக்க வேண்டிய இடத்தில் 2 பாகை மட்டும் இருந்தால், தேவையைவிட மிகக் கூடிய நீர் வெறுமனே சுற்றுகிறது. அழுக்கேறிய சுருள்கள், திறந்தபடி இறுகிப்போன வால்வுகள், எப்போதும் நீரைத் தாண்டிச் செல்லவிடும் மூவழி வால்வுகள் ஆகியவற்றில் காரணம் இருக்கும். இதைச் சரிசெய்யாமல் இரண்டாவது சில்லரை இயக்குவதுதான் நம் ஊரில் வழமை. பெரும்பாலும் அந்தச் சில்லர் தேவையே இல்லை.

சில்லரும் குளிர்கோபுரமும்

குளிர்நீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தினால் சில்லரின் மின்செலவு 2 முதல் 3 சதவீதம் குறையும். இந்த அறிவுரையையும் இங்கே அளந்தே பின்பற்ற வேண்டும். 7 பாகை நீரை 10 ஆக்கினால் அறை குளிரும், ஆனால் ஈரம் போகாது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றில் சில நாட்களிலேயே பூஞ்சை மணம் எழும். ஆகவே ஈரப்பதன் 60 சதவீதத்துக்குக் கீழே நிற்கும் வேளைகளில் மட்டும், உணரியின் கட்டுப்பாட்டில், படிப்படியாக உயர்த்துங்கள். வெளிக்காற்றைத் தனி இயந்திரத்தில் முன்கூட்டியே உலர்த்தும் கட்டடங்களுக்கு இந்தச் சுதந்திரம் கூடுதலாக உண்டு.

குளிர்வாயு வெப்பத்தை விட்டுத் திரவமாகும் பகுதியான ஒடுக்கியிலிருந்து வெளியேறும் நீரின் வெப்பநிலைக்கும் குளிர்வாயு ஒடுங்கும் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளியைத் தினமும் பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். குழாய்கள் சுத்தமாக இருக்கும்போது அது சிறியதாயிருக்கும். வாரந்தோறும் விரிந்துகொண்டு போனால் உள்ளே படிவு ஏறுகிறது என்று பொருள். தூரிகையிட்டுக் கழுவுவதற்கு ஆகும் செலவை மின்பட்டியல் விரைவில் திருப்பித்தரும். ஒடுக்கியின் சூடான நீரைக் காற்றில் ஆறவைக்கும் குளிர்கோபுரத்தில் நீர் சமமாக விழுகிறதா, நிரப்புத் தகடுகள் அடைபட்டிருக்கின்றனவா, வெளியே வீசிய ஈரக்காற்று சுற்றிச் சுற்றி மீண்டும் உள்ளே இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். சுருள்களில் வடியும் நீர் குளிர்ந்தது, உப்பற்றது. அதைச் சேர்த்து, கோபுரத்தில் ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக அனுப்பினால் நீர்ப்பட்டியலும் குறையும். அப்படிச் சேர்க்காவிட்டாலும் அதை மொட்டைமாடியில் தேங்கவிடக் கூடாது. தட்டுகளில் நிற்கும் நீரில் டெங்கு நுளம்பு பெருகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முதலில் பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

சுவர்க் குளிரூட்டிகள் மட்டும் உள்ள கடைகளுக்கு

வெள்ளவத்தை, புறக்கோட்டை போன்ற இடங்களில் சிறு கட்டடங்களுக்குச் சில்லர் இருக்காது. 18,000, 24,000 பி.டி.யூ. சுவர்க் குளிரூட்டிகளே இருக்கும். அறைக்கு மிஞ்சிய அளவில் வாங்கிய இயந்திரம் சில நிமிடங்களில் அறையைக் குளிர்வித்து அமுக்கியை நிறுத்திவிடும். விசிறி மட்டும் ஓடும்போது சுருளில் படிந்திருந்த நீர் திரும்பவும் ஆவியாகி அறைக்குள்ளேயே வரும். குளிராகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும் அறைக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. விசிறியைத் தானியங்கு நிலையில் வைப்பதும், அடுத்த முறை வாங்கும்போது வேகம் மாறும் இன்வேர்ட்டர் வகையைச் சரியான அளவில் எடுப்பதும் இதற்கு மருந்து. மரைன் டிரைவ் ஓரத்தில் உப்புக்காற்று வெளி அலகின் அலுமினியத் தகடுகளைப் பொடியாக்கிவிடும். ஆகையால் பூச்சிட்ட சுருளைக் கேட்டு வாங்கி, மாதம் ஒரு முறை நன்னீரால் மெதுவாகக் கழுவ வேண்டும். வெளி அலகுகளை ஒடுங்கிய சந்துக்குள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கினால் கீழ் அலகின் வெப்பக்காற்றை மேல் அலகு விழுங்கும். ஆர்-22 என்ற பழைய குளிர்வாயுவில் ஓடும் இயந்திரத்துக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று எரியக்கூடிய வாயுவை நிரப்ப எவரையும் அனுமதிக்க வேண்டாம், அது உயிராபத்து.

வெயிலை வெளியிலேயே நிறுத்துவது

கொழும்பில் மேற்கு என்றால் கடற்காட்சி. அதனால் கண்ணாடியும் அந்தப் பக்கமே கூடுதலாக வைக்கப்படுகிறது. பிற்பகல் வெயிலை உட்புறத் திரை தடுப்பதைவிட வெளிப்புறத் தடுப்பு பன்மடங்கு நன்றாகத் தடுக்கும். 1970களின் பிற்பகுதியில் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த அரச ஈட்டு வங்கிக் கட்டடம், பல மாடிகள் கொண்டிருந்தும், காற்றுவழிகளாலும் நிழலாலும் இயற்கைக் காற்றோட்டத்தை நாடியது. நடைகூடம், படிக்கட்டு, வரவேற்பு முற்றம் ஆகியவற்றைக் குளிரூட்டாமல் நிழலோடும் விசிறியோடும் விட்டால் என்ன என்று எந்தக் கட்டடத்திலும் கேட்டுப் பார்க்கலாம். மேல்மாடிக் கூரைக்கு வெண்பூச்சும் வெப்பத்தடுப்பும் இடுவது இலகுவான வேலை.

இயந்திரம் வாங்கும் வேளை வந்தால்

மேற்சொன்னவை யாவும் முடிந்தபின் மீண்டும் சுமையை அளந்தால், பழைய இயந்திரத்தின் அளவே புதியதற்கும் வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் மாறிவிடும். விலைமனு கோரும்போது முழுச் சுமைக்குரிய வினைத்திறனோடு நின்றுவிடாமல், 75, 50, 25 சதவீதச் சுமைகளுக்குரிய எண்களையும் எழுத்தில் கேளுங்கள். கட்டடம் ஆண்டின் பெரும்பகுதியைப் பகுதிச் சுமையிலேயே கழிக்கிறது. ஒரு பெரிய சில்லருக்குப் பதில் சமமற்ற அளவுள்ள இரண்டு வைப்பது, சனிக்கிழமை ஒரு மாடி மட்டும் இயங்கும் நாளில் உதவும். இலங்கை நிலைபேறான வலுசக்தி அதிகார சபை வெளியிட்டுள்ள கட்டட வலு வினைத்திறன் கோவையின் குறைந்தபட்ச எல்லைகளை ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். சில்லருக்கும் பம்பிகளுக்கும் தனித்தனி மின்மானியும், குளிர்நீர்க் குழாயில் ஓட்டமானியும் பொருத்துவதும், ஏப்ரல் வெயிலில் ஒரு முறையும் பருவமழையில் ஒரு முறையும் ஈரப்பதன் உட்பட அளந்து காட்டிய பின்னரே இறுதிக் கொடுப்பனவு செய்யப்படும் என்பதும் அதே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.